திங்கட்கிழமை கடைக்குப் போக வேண்டிய கார்

காரைக்காலில் ஒரு காரின் வயதை ஆர்.சி. புத்தகம் சொல்லாது. அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். கடற்காற்று முதலில் கதவின் அடிமடிப்பைத் தின்னும்; அடுத்து தரைத்தகடு; அப்புறம் சஸ்பென்ஷன் பூட்டியிருக்கும் இடங்கள். மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அந்த மெக்கானிக் சுத்தியல் பிடியால் ஒவ்வோர் இடமாகத் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று கேட்டால் தகடு திடம். மொத்தென்று கேட்டால் உள்ளே துரு. முட்டுக்கட்டைகள் மேல் நின்றுகொண்டிருந்தது ஒரு பழைய ஸ்விஃப்ட், பி.ஒய். 02 எண். ஞாயிற்றுக்கிழமை அது கோயம்புத்தூரில் ஆட்டோகிராஸ் ஓட வேண்டும். திங்கட்கிழமை காலை சொந்தக்காரரை அவருடைய ஹார்டுவேர் கடைக்குக் கொண்டுபோய் விட வேண்டும்.

"ரேஸுக்கு வண்டி தயார் பண்றது லேசு சார். அது திரும்பி வீட்டுக்கும் வரணும். அதுலதான் வேலையே இருக்கு" என்றார் மெக்கானிக்.

அவருடைய பிரதான தொழில் விசைப்படகுகளின் டீசல் எஞ்சின். சம்பா அறுப்பு நேரத்தில் நெல் அறுக்கும் இயந்திரங்களும் வரும். கார் அவருக்கு மூன்றாம்பட்சம். ஆனால் இந்தக் காருக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. நடுக்கடலில் நின்றுபோன எஞ்சினைத் தள்ளிக்கொண்டு வர ஆள் கிடையாது. கரைக்குத் திரும்புவதை முதலில் யோசித்துவிட்டுத்தான் அவர் எந்த நட்டையும் முடுக்குகிறார்.

கடைக்காரத் தம்பிக்கு முப்பது வயதுக்கு மேல். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ஊரில் இன்னும் 'சொல்தா வீடு' என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். 1954 நவம்பரில் காரைக்கால் இந்தியாவின் கைக்கு வந்த பிறகு, 1962-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களில் ஒரு கிளை அங்கேயும் ஒரு கிளை இங்கேயுமாகப் பிரிந்தவை ஏராளம். தம்பியின் சித்தப்பா பிரான்ஸில் இருக்கிறார். அங்கே ஆட்டோகிராஸ் என்றால் மண் தடத்தில் பல கார்கள் ஒன்றாகப் பாய்வது, இடிபடுவதும் உண்டு. சித்தப்பாவைப் பார்க்கப் போன இடத்தில் அதைப் பார்த்ததுதான் தம்பிக்குத் தொடக்கம். அமெரிக்காவில் அதே பெயருக்கு வேறு பொருள்: பெரிய வாகன நிறுத்துமிடத்தின் தார்த்தளத்தில் பிளாஸ்டிக் கோன்களை நட்டு, ஒவ்வொரு காராக விட்டு நேரம் எடுப்பார்கள். நாங்கள் போன போட்டி இரண்டுக்கும் நடுவில் இருந்தது. செம்மண் மைதானம், கோன்களால் வகுத்த தடம், ஒரு நேரத்தில் ஒரு கார். பக்கத்தில் போட்டியாளர் இல்லை, கடிகாரம் மட்டும்.

காரைக்காலில் இதற்குத் தடம் கிடையாது. நான்கு பக்கம் திரும்பினால் ஒன்று கடல், மீதி தமிழ்நாடு. நடுவில் அரசலாறும் நாட்டாறும் திருமலைராயனாறும் அறுத்துப் போட்ட தட்டையான வயல்வெளி. மேடு என்றால் ஆற்றங்கரைதான். தம்பி பழகுவது அறுப்பு முடிந்த பிறகு, ஓய்ந்துபோன ஒரு செங்கல் காளவாய்த் திடலில். கோனுக்குப் பதில் கடையிலிருந்து கொண்டுவந்த காலிப் பெயின்ட் வாளிகள். டெல்டாக் களிமண் காய்ந்தால் பாறை. மேலே ஒரு தூறல் விழுந்தால் சோப்பு. அங்கே பிரேக் பிடிக்கப் பழகியவனுக்கு எங்கேயும் பயமில்லை என்பது தம்பியின் கட்சி. மெக்கானிக் அதை ஏற்கவில்லை. "அங்க தரை ஒண்ணு, இங்க தரை ஒண்ணு. டயருக்கு உன் ஊர் தெரியாது தம்பி."

வெள்ளிக்கிழமை பட்டறையில் நான் பார்த்த வேலையில் பெரும்பகுதி வேகத்தைக் கூட்டுவதற்கானது அல்ல. எஞ்சினை அவர் தொடவே இல்லை எனலாம். எஸ்டீமிலும் ஜிப்ஸி கிங்கிலும் ஓடிய அதே 1.3 லிட்டர் குடும்பம் அது, நம்பிக்கையானது. டைமிங் பெல்ட்டை மட்டும் கழற்றி, விளிம்பில் வெடிப்பு இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு மாட்டினார். எஞ்சினுக்கு அடியில், கல் அடித்து எண்ணெய்த் தொட்டி உடையாமல் இருக்க ஒரு அலுமினியத் தகடு. பிறகு பிரேக். முன் சக்கரங்களுக்குப் புதுப் பேடு. பழைய பிரேக் ஆயிலை முழுக்க இறக்கிவிட்டு, சீல் உடைக்காத புட்டியிலிருந்து புதியது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற அது கொதிக்கும் வெப்பநிலை இறங்கும். கொதித்தால் மிதி தரைவரை போகும், கார் நிற்காது. எங்கள் ஊர்க் காற்றில் திறந்து வைத்த புட்டியை அவர் மறுநாள் தொடுவதில்லை. பின்சக்கர ட்ரம்மையும் கைபிரேக் கேபிளையும் அதற்கு மேல் கவனித்தார். முன்சக்கரம் இழுக்கும் காரை நெருக்கமான வளைவில் திருப்ப, பின்சக்கரங்களை ஒரு நொடி பூட்டிச் சறுக்கவிட வேண்டும். மற்ற நாளில் நிறுத்திவைக்க மட்டும் உதவும் கைபிரேக்குக்கு அன்று ஸ்டியரிங்கின் வேலை.

சனிக்கிழமை விடியுமுன் கிளம்பினோம். நாடே சனீஸ்வரரைப் பார்க்கத் திருநள்ளாறுக்கு வரும் நாளில் நாங்கள் எதிர்த்திசையில். பேரளம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, கரூர் என்று முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். புதுச்சேரி விலையில் காரைக்காலிலேயே டேங்கை நிரப்பிக்கொள்வதில் தம்பிக்கு ஒரு திருப்தி. ஆனால் தடத்துக்குள் போகும்போது டேங்க் கால்வாசிக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய முக்கால் கிலோ. முப்பது லிட்டர் மிச்சமிருந்தால் இருபது கிலோவுக்கு மேல் சும்மா சுமக்க வேண்டும். காருக்குள் போட்டி டயர், ஜாக்கி, கருவிப்பெட்டி, ஹெல்மெட், கூடவே கோவை வாடிக்கையாளர் ஒருவருக்குத் தர வேண்டிய பித்தளைக் குழாய் இணைப்புகள் ஒரு மூட்டை.

கோயம்புத்தூருக்கும் இந்த விளையாட்டுக்கும் உள்ள உறவு தற்செயலானதல்ல. பம்பு, மோட்டார், வார்ப்படம் என்று இரும்போடு பழகிய ஊர். எஸ். கரிவரதன் இங்கேதான் மாருதி 800 எஞ்சினை எடுத்து ஃபார்முலா மாருதி என்ற சிறிய ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். நாட்டில் எந்தத் தெருவிலும் உதிரிபாகம் கிடைக்கும் எஞ்சினில் பந்தயக் கார் செய்தால் பணக்காரர் அல்லாதவரும் ஓட்டலாம் என்பது சாதாரண யோசனையாகத் தோன்றும். அதைச் செய்து காட்டியவர் அவர். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த 2.1 கிலோமீட்டர் தடத்துக்கு அவர் பெயர். இதே ஊர்க்காரரான நரேன் கார்த்திகேயன் 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரானார். ஆறே கார்கள் ஓடிய அந்த ஆண்டின் அமெரிக்கப் பந்தயத்தில் அவர் நான்காவதாக வந்ததை இங்குள்ளவர்கள் இன்னமும் சிரித்துக்கொண்டே, ஆனால் விட்டுக்கொடுக்காமல் சொல்கிறார்கள்.

மாலையில் பரிசோதனை. பரிசோதகர் கேட்பதெல்லாம் எளிய கேள்விகள். பேட்டரி ஆடுகிறதா? ஆக்ஸிலரேட்டரை மிதித்து விட்டால் தானாகத் திரும்புகிறதா? சக்கரத்தைப் பிடித்து அசைத்தால் பேரிங்கில் ஆட்டம் உண்டா? இழுத்துப்போகக் கொக்கி இருக்கிறதா? டிக்கியில் சாமான் கிடக்கிறதா? பித்தளை மூட்டை மெக்கானிக்கின் மடிக்கு மாறியது. பரிசோதகர் குனிந்து அடிப்பகுதியைப் பார்த்தார், எண் பலகையைப் பார்த்தார், மறுபடி அடிப்பகுதியைப் பார்த்தார். "கடலோர வண்டிங்களா? அடி நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். மெக்கானிக் அன்று முழுவதும் சிரித்தது அப்போது ஒருமுறைதான்.

ஞாயிறு காலை முதல் வேலை தடத்தை நடந்து பார்ப்பது. ஓட்டுபவர்கள் எல்லோரும் கைகளால் காற்றில் ஸ்டியரிங் திருப்பிக்கொண்டே நடந்தார்கள். வேடிக்கையாக இருந்தது, பிறகு புரிந்தது. தடம் அன்று காலைதான் அமைகிறது. யாரும் முன்கூட்டி ஓட்டிப் பார்க்க முடியாது. எந்த வளைவுக்கு முன்னால் எங்கே பிரேக், எந்த வளைவை அகலமாக எடுத்தால் அடுத்த நேர்ப்பாதை நீளும் என்பதை நடந்தே மனப்பாடம் செய்ய வேண்டும். ஒவ்வொரு கோனின் அடியைச் சுற்றியும் சுண்ணாம்புத் தூளால் கட்டம். இடித்த கோன் கட்டத்துக்குள்ளேயே நின்றால் மன்னிப்பு. கவிழ்ந்தாலோ கட்டத்தை விட்டு வெளியேறினாலோ நேரத்தில் சில நொடிகளைக் கூட்டிவிடுவார்கள்.

அந்தக் கோன்களை நிமிர்த்தி வைப்பவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மார்ஷல்கள் என்று பெயர். பெரும்பாலும் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள். ஆரஞ்சு மேலாடை, மூக்கை மூடிய துண்டு, கையில் கொடி, காலடியில் தீயணைப்பான். கார் கடந்ததும் புழுதிக்குள் ஓடி, கவிழ்ந்த கோனைக் கட்டத்துக்குள் வைத்து, அழிந்த சுண்ணாம்புக் கோட்டைத் திரும்பப் போட்டு, அடுத்த கார் வருமுன் விலகி, வாக்கி-டாக்கியில் எண்ணிக்கை சொல்ல வேண்டும். இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்தின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றதிலிருந்து கார் பந்தயம் பக்கம் வர ஆரம்பித்ததாகச் சொன்னான் ஒரு மாணவன். வந்தவன் கையில் ஸ்டியரிங்குக்குப் பதில் சுண்ணாம்பு டப்பா. அலுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவனுடைய வளைவில் மில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும் இருந்தார். இளமையில் சோழவரத்துக்குப் போனவர். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில், 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் வருடாவருடம் பந்தயம் நடத்திய காலம் அது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை தமிழ்நாட்டில் பந்தயம் என்றால் சோழவரம். ஓட்டி வந்த வண்டியிலேயே பந்தயத்தில் இறங்கியவர்களை அங்கே பார்த்ததாகச் சொன்னார். தம்பியின் முதல் ஓட்டத்தைக் கவனித்துவிட்டு, "கோனைப் பார்க்கறாருங்க. கோனைப் பார்த்தா வண்டி கோனுக்குத்தான் போகும். அடுத்த கோனுக்கு அங்கால பார்க்கச் சொல்லுங்க" என்றார். நான் போய்ச் சொன்னேன். தம்பிக்கு அது தெரிந்த விஷயம்தான். தெரிந்ததைச் செய்ய ஹெல்மெட்டுக்குள் நேரமிருப்பதில்லை.

ஓட்டங்களுக்கு நடுவில் மெக்கானிக்கின் பகுதி. தரை மாறிக்கொண்டே இருந்தது. முதலில் ஓடும் கார்கள் மேலிருக்கும் பொடிமண்ணை ஒதுக்கிவிடுகின்றன. பின்னால் வருபவர்களுக்குக் கெட்டித் தரை கிடைக்கிறது, கூடவே சக்கரத் தடத்தின் பள்ளமும். தண்ணீர் லாரி வந்து தெளித்துவிட்டுப் போனால் கணக்கெல்லாம் புதிது. அவர் கையால் டயரைத் தொட்டுச் சூடு பார்த்தார். பின் டயர்களில் காற்றைக் கூட்டினார். பின்பக்கம் சற்று இறுகினால் சீக்கிரம் சறுக்கித் திரும்பும் என்பது காரணம். "இன்னும் கூட்டுங்கண்ணே" என்று தம்பி கேட்டபோது மறுத்துவிட்டார். சக்கர நட்டுகளை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் முடுக்கினார். பக்கத்துக் கூடாரத்தில் முழுக்கப் பந்தயத்துக்கென்றே செய்த கார், ட்ரெய்லரில் வந்தது, இரண்டு ஆட்களோடு. அவர்கள் மறுக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் காருக்குத் திங்கட்கிழமை கிடையாது.

பெண்கள் பிரிவில் ஓட்டிய ஒருவர் எங்கள் பிரிவில் பாதிப் பேரைவிட வேகமான நேரம் எடுத்தார். அவர் கார் சத்தமே போடவில்லை, புழுதியும் குறைவு. நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிட்டு, முன்சக்கரங்கள் மேல் பாரம் இருக்கையில் திருப்பி, உடனே மிதித்தார். பார்வையாளர்கள் கைதட்டியதோ அகலமாகச் சறுக்கிப் புழுதி கிளப்பிய ஆண்களுக்கு. சறுக்கல் கண்ணுக்கு விருந்து, நேரத்துக்கு நஷ்டம். இதை மூன்று மணிநேரம் வெயிலில் நின்ற பிறகுதான் என் கண் ஒப்புக்கொண்டது.

தம்பியின் கடைசி ஓட்டம் சுத்தம். ஒரு கோனும் விழவில்லை. 1400 சிசி வரையிலான பிரிவில் நடுவாந்திரமான இடம். அவருக்கு முன்னால் அரை நொடிக்குள் நான்கு கார்கள். அரை நொடியை எங்கே விட்டோம் என்று கரூர்வரை பேசினார். ஒரு டீக்கடையில் இறங்கி மெக்கானிக் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தார். இடது முன்பக்கம் மற்றதைவிடச் சூடு. அதன்பிறகு அறுபதுக்கு மேல் போகவிடவில்லை. அரை நொடிக்காகக் காலையில் அவ்வளவு பாடுபட்டவர் திருச்சி தாண்டுவதற்குள் முக்கால் மணிநேரத்தைச் செலவழித்ததில் யாருக்கும் முரண் தெரியவில்லை.

தஞ்சாவூருக்கு முன்னால் அடுத்த போட்டி பற்றிச் செய்தி வந்தது. மே மாதம். தம்பி உற்சாகமாகத் திரும்பினார். மெக்கானிக் தலையை ஆட்டிவிட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையேறும், வருடத்து எஞ்சின் வேலை முழுக்க அந்த இரண்டு மாதத்தில்தான்.

"பேரிங்கையாவது மாத்திக் குடுத்துடுங்கண்ணே. நான் வேற ஆளைக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"ஏப்ரல் பத்துக்குள்ள வண்டியக் கொண்டாந்து விடு. அதுக்கப்புறம் உன் கல்யாணத்துக்குக் கார் வேணும்னாலும் தொட மாட்டேன். டயரும் நாலா வாங்கு, ரெண்டா வாங்காத."

"நாலா வாங்குனா கடை முதல்ல கை வைக்கணும்ணே."

"அப்ப மே மாசம் போகாத" என்றார் மெக்கானிக்.