கூரையை மடித்த பிறகு

திறந்த காரில் போக ஆசைப்படாதவர் யாராவது உண்டா? சினிமா நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறது. கறுப்பு வெள்ளைக் காலத்திலிருந்தே ஹீரோ கூரையில்லாத காரில் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார். பக்கத்தில் ஹீரோயினின் ஸ்கார்ஃப் காற்றில் பறக்கும். ஆனால் பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் அந்தக் கூரையை மடித்தது யார்? மடித்த துணி காற்றில் படபடக்காமல் எப்படிக் கிடந்தது? இதை எந்த டைரக்டரும் காட்டியதில்லை.

எனக்குக் காட்டியவர் ஒரு ஜீப் டிரைவர். இடம், நெல்லிவாசல்நாடு.

ஜவ்வாது மலையில் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று 'நாடு'களாகவே வரும். பாஸ்போர்ட் கேட்பார்களோ என்று பயப்படாதீர்கள், எல்லாம் ஊராட்சிகள்தான். 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. சாமை விளையும் பூமி. ஒரு கட்டுரை வேலையாகப் போனபோது நண்பர் தன் பழைய ஜீப்பை, டிரைவரோடு சேர்த்துக் கொடுத்திருந்தார். மேலே கித்தான் கூரை. காலையில் பனி விலகி வெயில் வந்ததும், "திறந்துக்கலாமாண்ணே?" என்றேன். பத்து நொடி வேலை என்று நினைப்பு. அரை மணி நேரம் ஆயிற்று.

முதலில் துணியைத் தொட்டுப் பார்த்தார். "ஈரமா இருக்கு சார். இப்பவே மடிச்சா உள்ளே பூசணம் பூத்துடும்." காயும்வரை காத்திருந்தோம். அடுத்து, பின்பக்கம் ஜன்னலாகத் தைத்திருந்த பிளாஸ்டிக் மேல் பழைய துண்டு ஒன்றை விரித்தார். மடிப்பில் உரசிக் கோடு விழுந்தால் பின்னால் வரும் வண்டி தெரியாதாம். பிறகு கம்பி வளைவுகளைப் பின்னுக்குச் சாய்த்து, நடுவில் மாட்டிக்கொண்ட துணியை வெளியே இழுத்துவிட்டு மடித்தார். கம்பிக்கு நடுவே நசுங்கினால் அந்த இடத்தில்தான் முதல் கிழிசல்.

அதோடு முடிந்தது என்று ஏறி உட்காரப் போனேன். "இருங்க சார், சட்டை போட வேணாமா?" என்றார். மடித்த கூரைக்கு மேல் போடும் உறையைத்தான் சொன்னார். காற்று முதலில் மோதும் முன் ஓரத்தை மடிப்புக்கு அடியில் செருகினார். பின்பக்கம் நடுவில் ஒரு பிரஸ் பட்டன். பிறகு இடது ஒன்று, வலது ஒன்று, மறுபடி இடது, வலது. ஒரு மூலையிலிருந்து வரிசையாகப் போட்டுக்கொண்டே போனால் அடுத்த மூலையில் துணி எட்டாது. எட்டாத துணியை வெடுக்கென்று இழுத்தால் பட்டன் கையோடு வந்துவிடும். கடைசியில் இரண்டு வார்கள். இறுக்கிய பிறகு மிஞ்சிய நுனிகளை உள்ளே செருகினார்.

"இவ்ளோ பண்ணணுமாண்ணே? சும்மா சுருட்டி வச்சா போதாதா?"

"வண்டி நிக்கும்போது எதுவும் போதும் சார். ஓடும்போதுதான் கணக்கு."

அந்தக் கணக்கை வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் ஒரு சதுர மீட்டர் துணியை நேராக அடிக்கும் காற்று சுமார் ஏழரை கிலோ கனத்துக்குச் சமம். 80 கிலோமீட்டரில் அதுவே 30 கிலோ. முன்பக்கம் ஒரு விரல் நுழையும் சந்து கிடைத்தால் போதும், காற்று உள்ளே புகுந்து உறையைப் பலூனாக்கிவிடும். லாரிக்காரர்களுக்கு இது தெரியும். இரண்டு தார்ப்பாய் போட்டால், முன்னால் இருப்பது பின்னால் இருப்பதன் மேல் ஏறி நிற்கும்படி போடுவார்கள். ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் உட்கார்வது போல. அங்கே தண்ணீர், இங்கே காற்று.

போனால் போகட்டும், ஒரு துணிதானே என்கிறீர்களா? 1927 செப்டம்பர் 14. பிரான்ஸில் நீஸ் நகரம். புகழ்பெற்ற நடனக் கலைஞர் இசடோரா டங்கன் திறந்த கார் ஒன்றில் கிளம்பினார். கழுத்தில் நீளமான பட்டு ஸ்கார்ஃப். அதன் நுனி சக்கரத்தில் சிக்கியது. அவ்வளவுதான். ஐம்பது வயதில் முடிந்துபோனது அந்த வாழ்க்கை. ஓடும் வண்டியில் தொங்கும் துணிக்கு ஆள் பார்க்கத் தெரியாது. துப்பட்டாவைப் பின்னால் பறக்கவிட்டுக்கொண்டு பைக்கில் போகும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஸ்கார்ஃப் ஞாபகம் வரும். அவிழ்ந்து பறக்கும் ஜீப் உறையும் அப்படித்தான். கொண்டை ஊசி வளைவில், பின்னால் வரும் பைக்காரர் முகத்தில் அது போய் விழுவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

பி.காம். படித்தவன் என்பதால் இன்னொரு கணக்கும் எனக்குத் தோன்றும். தேய்மானம் என்று ஒன்று படித்தோமே, நினைவிருக்கிறதா? பெரும்பாலான சொத்துகள் வருஷா வருஷம் தேயும். கித்தானுக்கு எதிரிகள் மூன்று: வெயில், ஈரம், உரசல். உறை போட்டால், கூரைக்கு வர வேண்டிய தேய்மானத்தை உறை தன் பெயரில் எழுதிக்கொள்கிறது. கூரையை மாற்றும் செலவு பெரிசு, உறையை மாற்றும் செலவு சின்னது.

அந்த மலையில் இன்னொரு கூரையும் திறக்கிறது. காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில், 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு மேல். நட்சத்திரம் பார்க்கத் திறப்பார்கள், மழை வந்தால் மூடுவார்கள். ஜீப் கூரையை நாம் திறப்பது வெறும் ஆசைக்கு.

மலையில் இருப்பவர்களுக்கு அது ஆசையில்லை. பஸ் எட்டாத ஊர்களில், கிடைத்த வண்டியில் நெருக்கியடித்து ஏறித்தான் சந்தைக்கும் கோயிலுக்கும் போக வேண்டியிருக்கிறது. 2022 ஏப்ரலில் புதூர்நாடு பக்கம் செம்பரை மலைக் கோயிலுக்குக் கிளம்பிய வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்துபோனார்கள். அந்தப் பாதைகளைப் பார்த்த பிறகு, திறந்த வண்டி என்றதும் எனக்குப் பாட்டு ஞாபகம் வருவதில்லை. மூட்டையைக் கட்டுவதற்குக் காட்டும் அக்கறையில் பாதியாவது மனிதர்களை ஏற்றும்போது வேண்டாமா என்றுதான் தோன்றுகிறது.

நெடுஞ்சாலை டீக்கடைகளில் லாரி டிரைவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? டீ சொல்லிவிட்டு உட்கார மாட்டார்கள். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, ஒவ்வொரு கயிற்றையும் உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பார்கள். கிளம்பும்போது இறுக்கிய கயிறு பத்து கிலோமீட்டர் குலுங்கினால் தளரும் என்பது அவர்களுக்குத் தெரியும். உங்களுடையது ஜீப்பாக இருந்தாலும் சரி, கேரியரில் சூட்கேஸ் கட்டிய காராக இருந்தாலும் சரி, அடுத்த முறை டீக்கு நிறுத்தும்போது நீங்களும் ஒரு சுற்று வாருங்கள். டீ ஆறாது.