எண்ணூரில் துரைமார் பங்களா

பிரான்ஸ் நாட்டுக் கிராமங்களில் பழைய பங்களாக்களை வாரக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்களாம். நீச்சல் குளம், திராட்சைத் தோட்டம், குயில் சத்தம்... வாடகையைக் கேட்டால் நம்ம ஆறு மாச சம்பளம் காலி!

விடுங்கள் ஸார். இந்த சமாசாரமெல்லாம் நம்ம எண்ணூரிலேயே இருந்திருக்கிறது - வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழி, நடுவே நீளமாக மணல்மேடு. அதில் ஓய்வெடுக்க ஜம்மென்று பங்களாக்கள் கட்டிக்கொண்டார்கள். 1806-ல் பாசில் காக்ரேன் என்பவர் பணம் போட, சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைலுக்கு உப்புத்தண்ணிக் கால்வாய் தயார். (பிற்பாடு பக்கிங்காம் கால்வாயானது இதுதான். இன்றைக்கு அதில் படகு விடச் சொன்னால் ஓடிவிடுவீர்கள்!)

போன ஞாயிறு மின்சார ரயிலேறிப் போனேன். தேடித் தேடிப் பார்த்தும் ஒரு பங்களாகூடக் கண்ணில் படவில்லை. 1970-ல் வந்த அனல் மின் நிலையத்தையே 2017-ல் மூடியாயிற்று, பங்களா எம்மாத்திரம்? முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையாலேயே தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து படர்ந்ததே, அதே தண்ணீர்.

"ஐயா, இங்கே துரைமார் பங்களா இருந்துச்சாமே?"

"இன்னா ஸார், நாங்க இறாலைக் காணோம்னு தேடினுகீறோம். நீ பங்களாவைத் தேடினு வர்றே!"

கால் கிலோ வாங்கினேன். சட்டியில் போடுமுன் மனைவி மூன்று தடவை மோந்து பார்த்தாள்.