"நீ எங்கேம்மா போகணும்?"

மதுரையில் 68 வயதான ஓர் அம்மா. பக்கவாதத்தால் வலது கையும் காலும் செயலிழந்துவிட்டன. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் மூவரும் வாட்ஸ்அப்பில் பேசி, விலையையும் வேகத்தையும் ஒப்பிட்டு, ஆன்லைனில் ஓர் எலெக்ட்ரிக் வீல்சேர் வாங்கி அனுப்பினார்கள்.

ஹாலில் ஜோராக ஓடிய வண்டி, பாத்ரூம் வாசலில் முட்டி நின்றது. கதவைவிட வண்டி அகலம். ஜாய்ஸ்டிக்கோ வலது பக்கம்! ஒரே வாரத்தில் வீல்சேர் மூலைக்குப் போனது. அம்மா கட்டிலுக்கே திரும்பினார்.

லீவில் வந்த மகள்தான் முதன்முதலாகக் கேட்டாள், "நீ எங்கேம்மா போகணும்?"

"பாத்ரூமுக்கு. யாரையும் கூப்பிடாம."

இந்த முறை முதலில் டேப் வைத்துக் கதவுகளை அளந்தார்கள். பிசியோதெரபிஸ்ட்டுடன் கடைக்குப் போய், அம்மாவையே ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். சீட்டை மட்டுமல்ல, சக்கரத்தோடு சேர்த்து மொத்த அகலத்தையும் பார்த்தார்கள். நடுச்சக்கரத்தை மோட்டார் இயக்கும் வண்டி குறுகிய இடத்திலும் திரும்பும் என்பதால் அதையே தேர்ந்தெடுத்தார்கள். ஜாய்ஸ்டிக் இடது பக்கம் மாறியது. லித்தியம் பேட்டரிக்கு விலை கூடுதல். ஆனால், லெட் ஆசிட்டைவிட எடை குறைவு. சார்ஜ் தீர்ந்தால் கையால் தள்ள முடியுமா, உள்ளூரில் சர்வீஸ் கிடைக்குமா என்றும் விசாரித்தார்கள். அரை அடி வாசல்படிக்கு 6 அடி நீளச் சாய்தளமும், பாத்ரூம் சுவரில் கைப்பிடிகளும் வந்தன.

சில வாரப் பயிற்சிக்குப் பின் ஒரு மாலை. சமையலறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். கட்டில் காலி. பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம்.