கடிச்சா வீட்டுல சொல்லு, சாமி

எழுதி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. காப்பிப் பழம் பறிச்சு முடிச்சோம், காய வெச்சோம், இப்ப மிளகு நடக்குது. ஆள் கிடைக்கறது இல்ல. நானும் வீட்டுக்காரியும்தான் ஏணியத் தூக்கிட்டு மரம் மரமா அலையறோம். ராத்திரி சாப்பிட்டு உக்காந்தா கண்ணு சொக்குது. ஆனா இந்த ஒரு விஷயத்த எழுதாம விட முடியல.

எங்க வீட்டு வாசல்ல இப்ப ஒரு நாய் படுத்திருக்கு. பேரு கொண்டை. தீபாவளி லீவு முடிஞ்ச மறுநாள் எங்க ஊரு டெம்போக்காரத் தம்பி சேலத்துக்குக் காய்கறி இறக்கிட்டுத் திரும்பி வந்தாரு. சேலத்துல இருந்து ஏற்காடு ஏறுற ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு இருக்கறது உங்களுக்குத் தெரியும். அதுல ஒரு வளைவுல, குரங்குக் கூட்டத்துக்கு நடுவுல, கழுத்துப் பட்டையோட ஒரு நாய் நின்னிருக்கு. போற வர ஒவ்வொரு காருக்குப் பின்னாடியும் கொஞ்ச தூரம் ஓடி, திரும்பி அதே இடத்துக்கு வந்து நிக்குமாம். மனசு கேக்காம டெம்போவுல ஏத்திட்டு வந்துட்டாரு. வளைவுல கிடைச்சதால பிள்ளைங்க "கொண்டை"ன்னு கூப்பிட ஆரம்பிச்சதுங்க.

நாட்டு நாய் இல்ல. வெளுத்த மஞ்சள் நிறம், தொங்கற காது, சோபாவுல வளர்ந்த உடம்பு. முதல் நாள் ராகிக்களி வெச்சா மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிச்சு. ரெண்டாம் நாள் தட்டோட நக்கிடுச்சு. பசி வந்தா யாரா இருந்தாலும் அவ்வளவுதான்.

ஊர்ப் பிள்ளைங்களுக்குக் கொண்டாட்டம். எங்க செம்மநத்தத்துப் பிள்ளைங்களுக்கு ஆடு மாடு புதுசு இல்ல. கன்னு போடற மாட்டுக்கிட்ட எப்படி நிக்கணும், முட்டுற கிடாய எந்தப் பக்கம் பிடிக்கணும்னு எட்டு வயசுலயே தெரியும். ஆனா நாய்னா கல்லெடுக்கறதுதான் இங்க பழக்கம். பெரியவங்க நாங்க செஞ்சதத்தான் அதுங்களும் செய்யுதுங்க. கொண்டை வந்த பிறகுதான் கல்லெடுத்த கையி பிஸ்கட் எடுத்துச்சு.

இதுக்கு முன்னாடி நடந்த ஒண்ணையும் சொல்லிடறேன். செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம். ரேபிஸுக்கு முதல்ல தடுப்பூசி கண்டுபிடிச்ச லூயி பாஸ்டர் 1895-ல செத்துப்போன நாள் அது. அதையொட்டி எங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தாங்க. கால்நடை டாக்டரம்மா ஒருத்தர் வந்திருந்தாங்க. ஆட்டுக்குப் பூச்சி மருந்து வாங்கப் போன நான் பின்னாடி பெஞ்சுல உக்காந்துட்டேன்.

அந்தம்மா படம் கிடம் எதுவும் காட்டல. எடுத்ததும் ஒரு கேள்வி கேட்டாங்க. "நாய் கடிச்சிடுச்சுன்னு வீட்டுல போய்ச் சொன்னா, யாருக்கெல்லாம் அடி விழும்?"

முதல்ல சிரிச்சுதுங்க. அப்புறம் ஒரு கை, ரெண்டு கை... கடைசியில முக்கால்வாசிக் கை மேல இருந்துச்சு. என் பேத்தி கையும்தான். எனக்குத் தலைய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.

அப்புறம்தான் பாடம். நாய் சாப்பிடும்போது, தூங்கும்போது, குட்டிக்குப் பால் குடுக்கும்போது கிட்டப் போகாத. கட்டியிருக்கற நாயச் சீண்டாத. அடுத்தவங்க நாயத் தொடணும்னா முதல்ல அவங்கள கேளு. நாய் உறுமிட்டு வந்தா ஓடாத, கத்தாத, கண்ணுக்கு நேரா முறைச்சுப் பாக்காத. கைய மடக்கி வெச்சுட்டு மரம் மாதிரி நில்லு. கீழ தள்ளிடுச்சுன்னா ஆமை மாதிரி சுருண்டு, கழுத்தையும் காதையும் கையால மூடிக்க. ஓடற எதையும் துரத்தறது நாயோட சுபாவம், நிக்கற மரத்த மோந்து பாத்துட்டுப் போயிடும்னாங்க. பிள்ளைங்க எல்லாம் எந்திரிச்சு மரமா நின்னதுங்க, தரையில ஆமையா உருண்டுதுங்க. ஒரே சிரிப்பு.

கடைசியா ஒண்ணு சொன்னாங்க. "கடிச்சாலும் பிராண்டினாலும் உடனே சோப்புப் போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும். அப்புறம் பெரியவங்ககிட்டச் சொல்லணும். உன் கூட்டாளி கடிபட்டுட்டு, யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கினான்னா, அந்த ஒரு சத்தியத்த மட்டும் மீறலாம்."

பின்னாடி பெஞ்சுல இருந்த எனக்கு நெஞ்சை அடைச்சுது. ஏன்னா அப்படி ஒரு சத்தியத்த நான் மீறாம காப்பாத்தினவன்.

நான் அஞ்சாவது படிக்கையில எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். பேரு வேண்டாம். அவங்க சொந்தக்காரங்க இன்னமும் இங்க இருக்காங்க. ஆடு மேய்க்கப் போன இடத்துல ஒரு நாய்க்குட்டி அவன் கணுக்கால்ல கடிச்சிடுச்சு. சின்னக் காயம், முள்ளு குத்தின மாதிரி. வீட்டுல சொன்னா அடி. அடிய விட ஊசி பெரிய பயம். அந்தக் காலத்துல நாய்க்கடின்னா தொப்புளச் சுத்தி 14 ஊசி. செம்மறி ஆட்டு மூளையில இருந்து எடுத்த மருந்து. ஊசி போட்டுட்டு வந்தவங்க வயிறு வீங்கிக் கிடந்தத நாங்க பாத்திருக்கோம். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சேர்வராயன் மேல சத்தியம் பண்ணு"ன்னான். பண்ணினேன். காயத்துல ரெண்டு பேரும் சேந்து காப்பித்தூள அப்பினோம். ஒரு வாரத்துல ஆறிடுச்சு, நாங்களும் மறந்துட்டோம்.

ரெண்டு மாசம் கழிச்சுக் காய்ச்சல் வந்துச்சு. தண்ணி குடிக்க முடியல. சொம்பப் பாத்தாலே உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. காத்துக் கருப்புன்னு மந்திரிச்சாங்க. அப்புறம் டோலி கட்டித் தூக்கிட்டுப் போனாங்க. திரும்பி வரல. என்ன கடிச்சதுன்னு அவங்கம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்துல இத நான் எழுதறது, சொல்றது, இதுதான் முதல் தடவ.

குன்னூர்ல 1907-லயே பாஸ்டர் நிறுவனம் வந்துடுச்சு. மருந்து நம்ம மாநிலத்துலயே இருந்துச்சு. அவன் மருந்து இல்லாம சாகல. சொல்லாம செத்தான்.

இப்ப கொண்டை கதைக்கு வர்றேன். கார்த்திகை மாசம், பழம் பறிப்பு ஆரம்பிச்ச நேரம். சாயங்காலம் பேத்தி வந்து என் வேட்டியப் பிடிச்சுட்டு நிக்கறா. கண்ணெல்லாம் தண்ணி.

"தாத்தா, நான் சத்தியத்த மீறிட்டா சாமி கண்ணக் குத்துமா?"

"என்ன சத்தியம் கண்ணு?"

பக்கத்து வீட்டுப் பையன், பத்து வயசு. கொண்டை சாப்பிட்டுட்டு இருக்கும்போது தட்ட இழுத்து விளையாடியிருக்கான். வெடுக்குன்னு கையில பல்லு பட்டுடுச்சு. யாருக்கும் சொல்லாதன்னு இவகிட்டச் சத்தியம் வாங்கியிருக்கான். "அந்த டாக்டரம்மா இந்த ஒண்ண மட்டும் மீறலாம்னு சொன்னாங்கள்ல தாத்தா?"

நான் பதில் சொல்லல. அவளத் தூக்கிட்டு அப்படியே ஓடினேன். பையன் குழாயடியில நின்னுட்டிருந்தான், கைய டவுசர் பைக்குள்ள விட்டுக்கிட்டு. அவங்க அப்பாயி அதுக்குள்ள விஷயம் தெரிஞ்சு காப்பித்தூள் டப்பாவோட வந்துட்டாங்க. "அத்தை, வேண்டாம். அத மட்டும் வைக்காதீங்க"ன்னு கையப் பிடிச்சுட்டேன். நான் கொஞ்சம் சத்தமா சொல்லிட்டேன் போல, அவங்க பயந்துட்டாங்க. துணி துவைக்கற சோப்பப் போட்டு, குழாயத் திறந்து விட்டு, கடிகாரம் பாத்து 15 நிமிஷம் கழுவினோம். அவங்க அப்பன் கைய ஓங்கிட்டு வந்தாரு. பிள்ளைய எனக்குப் பின்னாடி நிறுத்திக்கிட்டேன். "மாப்ள, அடிக்கறதுன்னா என்ன அடிங்க. இவன் சொன்னதுக்கு அடிச்சா அடுத்த தடவ சொல்லமாட்டான்."

அரசு ஆஸ்பத்திரியில காசு இல்லாம ஊசி போட்டாங்க. இப்ப தொப்புள்ல இல்ல, கையிலதான். அன்னைக்கு, 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள். காயம் ஆழமா இருந்தா காயத்துக்குள்ளயே இன்னொரு மருந்தும் போடுவாங்க, அத டாக்டர் பாத்து முடிவு பண்ணுவாரு. பழைய 14 ஊசிய 2005 வாக்குலயே நாட்டுல நிறுத்திட்டாங்க. ஆனா அந்தப் பயம் மட்டும் இன்னும் நிக்கல. பையன் ஆஸ்பத்திரி வாசல்ல என்னக் கேட்டது, "தொப்புள்லயா தாத்தா?" யாரோ பெரியவங்க அவனுக்கு அதச் சொல்லி வெச்சிருக்கோம்.

கொண்டைய 10 நாள் கட்டி வெச்சுப் பாத்தோம். நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்காக ஊசிய நிறுத்தல. நாய் எப்படி இருக்குன்னு பாத்துட்டு ஊசி போட்டுக்கலாம்னு காத்திருக்கறது தப்பு. நோய் முத்தி அடையாளம் தெரிய ஆரம்பிச்சிட்டா அதுக்கு மேல காப்பாத்த வழி கிடையாது.

ஒரு வகுப்புல என்ன வந்துடப் போகுதுன்னு நினைக்காதீங்க. கோவாவுல 2013-ல இருந்து 2019 வரைக்கும் ஒரு வேலை நடந்துச்சு. வருஷத்துக்கு 95,000-க்கு மேல நாய்ங்களுக்குத் தடுப்பூசி போட்டாங்க. அதோட விட்டுடாம வருஷத்துக்கு 1,50,000 பிள்ளைங்களுக்குப் பாடமும் எடுத்தாங்க. நாய்ங்களுக்கு ரேபிஸ் வர்றது மாசக் கணக்குல 92 சதவீதம் குறைஞ்சுது. மனுஷச் சாவே இல்லாத நிலைக்கு வந்துச்சு. ஊசியும் பாடமும் ரெண்டு மாடு பூட்டின ஏரு மாதிரி. ஒண்ண அவுத்து விட்டா ஏரு கோணும். உலக சுகாதார நிறுவனமும் 5-ல இருந்து 14 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்கதான் இந்த நோய்க்கு அதிகமா மாட்டறாங்கன்னு சொல்லுது.

இனி டவுன்ல இருக்கற உங்களுக்கு ரெண்டு வார்த்தை. கோச்சுக்காதீங்க.

கொண்டைக்கு ஒரு காப்பகத்துல இடம் கிடைக்குமான்னு கீழ விசாரிச்சோம். "இடமே இல்லீங்க, ஏற்கெனவே ரெண்டு பங்கு இருக்குது. ஊசி போட்டு, கருத்தடை பண்ணி அங்கயே வெச்சுக்கங்க"ன்னாங்க. முதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். தொழுவத்துல பத்து மாடு கட்டற இடத்துல இருபது கட்டினா என்ன ஆகும்? அவங்க மேல தப்பு இல்ல. காரக் கொண்டுவந்து வளைவுல கதவத் திறந்து விட்டவங்க இருக்காங்களே, தப்பு அங்க.

நம்ம சென்னையில ப்ளூ கிராஸ் 1959-ல ஆரம்பிச்சதே, வெள்ளத்துல தத்தளிச்ச ரெண்டு நாய்க்குட்டிங்கள கேப்டன் சுந்தரம் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்ததுலதான். ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபாவுல விலங்குகளுக்காகப் பேசி, அதன் பலனா மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல வந்துச்சு. வளர்த்த பிராணிய பட்டினி கிடக்கும்னு தெரிஞ்சே விட்டுட்டுப் போறது அந்தச் சட்டத்துல குற்றம். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயில இருந்து 50 ரூபாய் வரைக்கும். மலையேறுற கார்ல ஒரு டீ காசு. சட்டம் பாத்துக்கும்னு இருக்க முடியாதுங்க. வீட்டுலதான் சொல்லிக் குடுக்கணும்.

சென்னையில என் தங்கச்சி மகன் அவன் பிள்ளைங்கள ஒரு காப்பகத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான். சின்னவ ஒரு குட்டியத் தூக்கிட்டு இறக்க மாட்டேன்னுட்டாளாம். அங்க இருந்தவர் குட்டியப் பிடுங்கல. ஒரு விளக்குமாத்தக் குடுத்து, "முதல்ல இந்தக் கூண்டக் கூட்டு பாப்பா"ன்னாராம். கூட்டினா, தட்டுக் கழுவினா, காலொடிஞ்ச கிழட்டு நாய்க்குத் தண்ணி வெச்சா. போகும்போது அவளே சொன்னாளாம், "அப்பா, நமக்கு இப்ப முடியாது. ஞாயித்துக்கிழமை இங்கயே வரலாம்." அந்த விளக்குமாறு சொல்லிக் குடுத்தத நான் பத்துப் பக்கம் எழுதினாலும் சொல்ல முடியாது.

உங்க பிள்ளைங்களுக்கு நாய்மேல பாசம் ஜாஸ்தி, பழக்கம் கம்மி. கட்டிப் பிடிக்கப் போகுதுங்க. எங்க பிள்ளைங்களுக்குப் பழக்கம் உண்டு, ஆனா கல்லுதான் கைக்கு வருது. ரெண்டுக்கும் பாடம் வேணும். ஆனா முதல் பாடம் பிள்ளைங்களுக்கு இல்ல, நமக்குத்தான். இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது உங்க பிள்ளைகிட்டச் சொல்லுங்க: "நாயோ பூனையோ குரங்கோ, கடிச்சாலும் பிராண்டினாலும் என்கிட்டச் சொல்லு. திட்ட மாட்டேன், அடிக்க மாட்டேன்." சொன்ன பிறகு அதக் காப்பாத்துங்க.

கொண்டைக்கு ஊசி போட்டாச்சு, கருத்தடையும் ஆச்சு. சாப்பிடும்போது இப்ப ஒரு பிள்ளையும் கிட்டப் போறதில்ல. கார் சத்தம் கேட்டா மட்டும் இன்னமும் எந்திரிச்சு நின்னு ரோட்டப் பாக்கும். கார் போனதும் வந்து படுத்துக்கும்.

போன வாரம் சேர்வராயன் கோயிலுக்குப் போயிருந்தேன். பேத்தியும் வந்தா. "என் கண்ணு நல்லாத்தான் இருக்கு, பாரு தாத்தா"ன்னு விரிச்சுக் காட்டினா. நான் கூட்டாளி பேரச் சொல்லி ஒரு சூடம் ஏத்திட்டு வந்தேன்.

மிளகு காய வெச்சு முடிச்சதும் மறுபடி எழுதறேன்.