பாலைவனத்து நாய்க் காப்பகம்

தெற்குக் கலிபோர்னியாவில், மொஹாவி பாலைவனத்தின் விளிம்பில், 62-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிச் சிதறிக் கிடக்கும் ஜோஷுவா ட்ரீ என்னும் சிற்றூரில், பிறர் நாய்களைப் பகற்பொழுதில் வைத்துக் காப்பதும் ஒரு ஜீவனோபாயமாய் விளங்குவதற்கு, பக்கத்திலுள்ள தேசியப் பூங்காவின் விதிகளே பிரதான காரணம் என்பது என் அபிப்பிராயம். 1936-இல் தேசிய நினைவுச் சின்னமாகவும் 1994-இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்ட அந்த வனத்தில், நாயின் கயிறு 6 அடிக்கு மேற்படக் கூடாது. சாலையையும் முகாமையும் விட்டு 100 அடிக்கு அப்பால் அது போகக் கூடாது. நடைபாதைகளிலோ, ஏறக்குறைய எதிலும் அதற்குப் பிரவேசம் இல்லை. கட்டிப்போட்டுவிட்டுத் தனியே போவதும் குற்றம். ஆகவே, அங்கே காலாற நடக்க விரும்புகிறவர் தம் நாயை யாரிடமாவது ஒப்படைத்தே தீர வேண்டும்.

பக்கத்து ஊரான யக்கா வேலியில் குடியேறியிருந்த பழைய நண்பர் ஒருவர், தம் லாப்ரடாருக்கு ஏற்ற இடம் தேடப் புறப்பட்டபோது என்னையும் அழைத்தார். நாய் வளர்த்தறியாத நானும், இத்தொழில் எப்படி நடக்கிறதென்று பார்க்கும் ஆவலால் இசைந்தேன். தடுப்பூசிச் சான்றுகளைப் பற்றியும் கட்டண விகிதங்களைப் பற்றியும் நடந்த சம்பாஷணையில் எனக்கு ருசி ஏற்படவில்லை, அதை விட்டுவிடுகிறேன். முதலில் போன இடம் வெகு அலங்காரமானது. ஆயினும் நண்பர் ஏர் கூலரைக் காட்டி, "ஆகஸ்டு மாதத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டதற்குத் தக்க பதில் வரவில்லை. வறண்ட வெயிலில் அமிர்தமாய்க் குளிரும் அந்த யந்திரம், கோடையின் பிற்பகுதியில் தெற்கேயிருந்து ஈரக்காற்று புகுந்துவிட்டால் பயனற்றுப் போகும். பாதங்களில் கசியும் சொற்ப வியர்வை போக, இரைத்து இரைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும் நாய்க்கோ, ஈரக்காற்றில் அந்த உபாயமும் எளிதில் பலிப்பதில்லை.

இரண்டாவது இடம், மண்பாதையின் கோடியில், ஓர் அம்மாளின் வீட்டுப் பின்புறம். ஒன்றை அடைத்த பிறகே மற்றொன்றைத் திறக்கும் இரட்டை வாசல். கயோட்டி என்னும் ஓநாயின மிருகம் தாண்டவோ தோண்டவோ முடியாத வேலி. அவையெல்லாம் இருக்கட்டும், என் கவனத்தை முழுக்கக் கவர்ந்தது, அந்த அம்மாளின் மேலங்கிப் பையில் நீட்டிக்கொண்டிருந்த, அகன்ற பற்களுள்ள சீப்பு. அது ரோமம் வாருவதற்கன்று. அங்கே 'சோய்யா' என்றொரு கள்ளி உண்டு. பார்வைக்கு மிருதுவான அதன் கணுக்கள், தொட்ட மாத்திரத்தில் கழன்று ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத பின்நோக்கிய கொக்கிகள் அதன் முட்களில் இருப்பதால், காலில் ஏறிய கணுவை நாய் வாயால் பிடுங்கப் போனால், நாக்கிலும் உதட்டிலும் தைத்துக்கொள்ளும். நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே, உலாவச் சென்று திரும்பிய வேட்டை நாய் ஒன்று காலை நொண்டிக்கொண்டு வந்தது. அந்த அம்மாள் முழங்காலால் அதன் தோளை அணைத்து, முகத்தை அப்புறம் திருப்பி, கணுவுக்கும் சதைக்கும் இடையே சீப்பைச் செருகி ஒரே சுண்டாய் எட்ட எறிந்துவிட்டு, எஞ்சிய முட்களைக் குறட்டால் ஒவ்வொன்றாய் வாங்கி, கடைசியில் வாயைத் திறந்து ஈறுவரை விரலோட்டிப் பார்த்தார்.

இந்தச் சாமர்த்தியம் அவருக்கு எங்கே சித்தித்தது என்று விசாரித்தேன். ட்வென்டிநைன் பாம்ஸ் கடற்படைக் காலாட்களின் தளத்துக்கு மாற்றலாகி வந்த சிப்பாயின் மனைவியாய் இவ்வூர் வந்தாராம். கடல் கடந்து போனவர்கள் விட்டுச்சென்ற நாய்களைக் கூலியில்லாமல் பார்த்துக்கொண்டதே பிற்பாடு தொழிலாயிற்றாம். இப்போது வாடிக்கைக்காரர்கள் கைபேசிச் செயலி வழியாக வருகிறார்கள். முள்ளையும் பாம்பையும் வெயிலையும் ஒருநாளும் கண்டிராத தரகன், எங்கோ குளிரறையில் உட்கார்ந்தபடி அவருடைய கூலியில் பங்கு எடுத்துக்கொள்கிறான். முதலில் பார்த்த அலங்கார மண்டபத்துக்கு அந்தச் செயலியில் ஐந்து நட்சத்திரம். இந்தச் சீப்புக்கு எத்தனை நட்சத்திரம் போடுவானென்று கேட்கத் தோன்றிற்று. உழைப்பவன் கையை வாங்குபவன் காண முடியாதபடி நடுவில் திரை கட்டுவதே எந்நாட்டுத் தரகுக்கும் முதலீடு போலும்.

நண்பர் இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அம்மாள்தான் அவரை இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் தடவை அரை நாள்தான் வைத்துக்கொள்வேன் என்றார். பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார். இரவில் நாய்க்கு ஆபத்து நேர்ந்தால், மலையிறங்கிக் கோச்செல்லா பள்ளத்தாக்கிலுள்ள அவசர மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமாம். உரிமையாளரைக் கேட்காமலே எவ்வளவு தொகைவரை சிகிச்சை செய்யலாமென்று அதில் எழுதித் தர வேண்டும். நண்பர் யோசித்து ஒரு தொகை எழுதினார். அம்மாள் அதைப் படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, இன்னும் கொஞ்சம் யோசித்து எழுதச் சொன்னார்.