எண்ணூருக்கு அப்பால் ஒரு மிதிவண்டிப் பயணம்



பதினோராம் வகுப்பில் அரசு வழங்கிய மிதிவண்டி உங்கள் வீட்டு மாடிப்படியின் கீழே காற்றிறங்கி நிற்கிறதா? இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பல இல்லங்களில் அப்படித்தான் நிற்கிறது. விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் ஊட்டி என்பார்கள், கொடைக்கானல் என்பார்கள். தந்தையோ சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மௌனமாகிவிடுவார். நெல்வயலும் ஏரியும் நீர்ப்பறவைகளும் நம் வாசலிலிருந்து ஒரு பகல் பயணத்தில்தான் இருக்கின்றன. அவற்றைக் காண அந்த மிதிவண்டியே போதும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை செல்லும் விரைவுச் சாலையில் பிள்ளைகளை மிதிவண்டியில் அழைத்துச் செல்லாதீர்கள். துறைமுகத்திற்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் அங்கே வரிசை கட்டி நிற்கும். ஓட்டுநரின் இருக்கை உயரத்திலிருந்து பக்கத்தில் செல்லும் சிறுவன் கண்ணில் படமாட்டான். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, ‘குட்டி யானை’ என்று நாம் அழைக்கும் சிறிய சரக்கு வண்டி ஒன்றைப் பேசி, மிதிவண்டிகளை மீஞ்சூருக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். நீங்கள் பஜ்ர் தொழுகை முடித்து, தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் ஏறுங்கள்.

எண்ணூரைக் கடந்ததும் ரயில் ஆற்றின் மேல் செல்லும். அப்போது பிள்ளைகளை ஜன்னலோரம் அமர்த்துங்கள். அது கொசஸ்தலை ஆறு. இருளர் குலப் பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று, வலையின்றிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் ஆறு. அனல்மின் நிலையச் சாம்பல் அதன் ஆழத்தைத் தூர்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெயும் வந்து படிந்தது. பிள்ளைகளுக்கு அழகானதை மட்டுமே காட்ட வேண்டும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. நம் வீட்டு விளக்கு எரிவதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் அவர்கள் பார்க்கட்டும்.

மீஞ்சூரிலிருந்து காட்டூர் வழியாகத் திருப்பாலைவனம் செல்லும் சாலையே நமக்கு உகந்தது. ஊரைக் கடந்த சிறிது நேரத்திலேயே இருபுறமும் வயல் விரியும். பொங்கல் விடுமுறையில் சென்றால் கதிர் முற்றி நிற்கும் நெல்லைக் காணலாம். காட்டூர் ஏரிக்கரையில் இறங்கிச் சற்று இளைப்பாறுங்கள். சாலை முழுவதும் சமதரைதான். மேடேறித் தள்ள வேண்டிய இடம் எதுவுமில்லை. ஆனால் எதிர்க்காற்று உண்டு. கடல் நெருங்க நெருங்க அது வலுக்கும். முதியோரும் சிறு குழந்தைகளும் பொன்னேரியில் இறங்கிப் பேருந்தில் வந்து சேரட்டும். அங்கிருந்து பழவேற்காடு சுமார் 20 கி.மீ.

பெண் மக்களையும் அழைத்துச் செல்லுங்கள். ‘ஊர் என்ன சொல்லும்?’ என்று தயங்குவோர் புதுக்கோட்டையை நினைத்துப் பார்க்கட்டும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே அம்மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி பழகினார்கள். அவர்களுள் நம் சமுதாயப் பெண்களும் இருந்தார்கள். தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் பின்னால் வைத்துக்கொண்டு அவர்கள் சென்றபோது ஊர் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

பழவேற்காடு நம்மவர்கள் அவசியம் காண வேண்டிய ஊர். மலேசியா சென்று வந்தோர் ‘கைன் பெலேகட்’ என்ற கைலியை அறிவர். மலாய் மக்கள் தொழுகைக்கும் உடுத்தும் அந்தக் கட்டம் போட்ட துணிக்குப் பெயர் தந்தது, ஐரோப்பியர் ‘புலிகாட்’ என்றழைத்த இந்தச் சிற்றூர்தான். இக்கரையின் நெசவு இங்கிருந்தே கப்பலேறிக் கீழ்த்திசைத் தீவுகளுக்குச் சென்றது. அந்த வணிகத்திற்காகவே டச்சுக்காரர்கள் 1613இல் இங்கு கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை இன்று மண்மேடாகவும் புதராகவும் கிடக்கிறது. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது. அதன் வாயிலில் செதுக்கிய எலும்புக்கூட்டு உருவங்களைக் கண்டு சிறுவர்கள் அஞ்சினால், கடலாண்ட வணிகர்களும் இங்கேதான் மண்ணானார்கள் என்று சொல்லுங்கள்.

லுஹர் நேரத்திற்குள் பள்ளிவாசலை அடைந்துவிடலாம். கைக்கடிகாரம் பரவாத காலத்தில் தொழுகை நேரம் அறிய உதவிய நிழல் கடிகாரம் ஒன்று இவ்வூர்ப் பள்ளிவாசலில் இருக்கிறது. அனுமதி பெற்றுப் பிள்ளைகளை அதனருகே நிறுத்தி, நிழல் நகர்வதைக் கவனிக்கச் செய்யுங்கள். புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் விளங்காதது கால் மணி நேரத்தில் விளங்கிவிடும்.

பிறகு ஏரிக்கரை. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி இது. குளிர்காலத்தில் பூநாரைகள் ஆழமற்ற நீரில் கூட்டமாக நின்று இரை தேடும். கரையிலிருந்தே பாருங்கள்; படகில் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று உல்லாசமாகச் சென்ற படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர், பெண்களும் குழந்தைகளுமாக, மாண்டார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. எவர் கூவி அழைத்தாலும் மறுத்துவிடுங்கள்.

திரும்புவதற்குக் கடலோரமாகக் காட்டுப்பள்ளி செல்லும் சாலையும் உண்டு. அலையோசை கேட்டபடி மீனவக் குப்பங்களைக் கடந்து செல்வது இனிமைதான். ஆயினும் புயல் காலத்தில் கடல்மணல் அச்சாலையை மூடிவிடும். காட்டுப்பள்ளியை நெருங்கினால் மீண்டும் லாரிகள். அங்குள்ள துறைமுகத்தைப் பெருமளவு விரிவாக்க எழுந்த திட்டத்தை இக்குப்பத்து மக்கள் எதிர்த்தார்கள். 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அந்தச் சாலையை இளைஞர்கள் மட்டும், வறண்ட மாதங்களில், பாதித் தூரம் சென்று திரும்பலாம். குடும்பத்தோடு வந்தவர்கள் வந்த வழியே போவதே நலம்.

புறப்படுமுன் நம் சகோதரிகள் பனையோலையில் முடையும் கூடைகளையும் பெட்டிகளையும் விசாரித்து வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்; ஒரு பெட்டி முடைய எத்தனை நேரமாகும் என்று கேட்டால் பேசத் தோன்றாது. கனமில்லாப் பொருள், மிதிவண்டியின் பின்னால் கட்டிக்கொள்ளலாம். அஸர் தொழுததும் கிளம்பிவிட்டால், காற்று இப்போது முதுகுப் பக்கம் இருக்கும். இருட்டுமுன் மீஞ்சூர் வந்துவிடலாம்.