உடன் வசிப்பவர்

மனு என்பதை ஓர் உரைநடை வகையாக நம் விமர்சகர்கள் யாரும் எடுத்துக்கொண்டதில்லை. நாவலா குறுநாவலா என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த பெரும்பாலோர் தங்கள் வாழ்நாளில் தாங்களாக யோசித்து எழுதும் உரைநடை மனு ஒன்றுதான். (கடிதம் போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன.) வங்கிக் கவுண்டரில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தவன் என்கிற முறையில் இதை ஓரளவு அதிகாரத்தோடு சொல்வேன். கல்விக் கடனுக்கு வருகிற மனுக்கள் 'தாழ்மையுடன்' என்று தொடங்கி, 'கருணை கூர்ந்து' வழியாகப் 'பணிவுடன் வேண்டுகிறேன்' வரை போகும். இடையில் ஒரே ஒரு வாக்கியத்தில், அதுவும் இன்னொன்றைத் தொற்றிக்கொண்டு, தறி நின்றுபோனது, அப்பா படுத்தது, நிலம் கைமாறியது எல்லாம் வந்துவிடும். விஷயம் அங்கேதான் இருக்கிறது. மற்றதெல்லாம் குனிந்து நிற்கிற உடம்பு. படிக்கிற அதிகாரிக்கோ அந்த வாக்கியம் தேவையில்லை. அவர் பார்ப்பது வருமானச் சான்றிதழில் உள்ள எண்ணை. 2009-10 கல்வியாண்டிலிருந்து மத்திய அரசு தந்த வட்டி மானியத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 4.5 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம், அல்லது அந்தப் பக்கம். ஒருவன் எப்படிச் சரிந்து கோட்டுக்கு இப்பால் வந்தான் என்று கேட்க ஆள் இல்லை. யாரும் கேட்காததாலேயே நம் மனுவின் பாஷை இப்படி ஊதிப்போயிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

கேட்பதற்கென்று ஓர் ஆளைச் சட்டமே உட்கார்த்தி வைத்திருக்கும் இடத்தில் மனு எப்படி இருக்கும்? 2024இல் இதைப் பக்கத்திலிருந்து பார்க்க வாய்த்தது.

என் அத்தை மகன், எனக்குப் பதினைந்து வயது மூத்தவர், நியூ ஜெர்சியில் இருக்கிறார். கம்ப்யூட்டர் வேலை, கிரீன் கார்டு, அங்கேயே பிறந்த ஒரு பெண். அந்தப் பெண் ஒரு தனியார் கல்லூரியில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, 2024 ஜனவரியில், அத்தானுக்கு வேலை போயிற்று. அங்கே கல்லூரி உதவித்தொகைக்கு அரசாங்கப் படிவம் ஒன்று உண்டு, ஃபாஃப்ஸா என்கிறார்கள். அது இரண்டு வருஷத்துக்கு முந்திய வருமானத்தைத்தான் கேட்கும். 2024-25 கல்வியாண்டுக்கு 2022ஆம் வருஷத்து வரிக் கணக்கு. காரணம் நிர்வாக ரீதியானது. முந்தின வருஷத்துக் கணக்கு பலருக்கு முடிந்திருக்காது என்று, 2017-18 முதல் இன்னொரு வருஷம் பின்னால் தள்ளிவிட்டார்கள். 2022தான் அத்தான் வாழ்நாளில் அதிகமாகச் சம்பாதித்த வருஷம். ஆகவே படிவத்தின் கண்ணில் அவர் இன்னும் செழிப்பாக இருந்தார்.

இதற்கும் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். 1965ஆம் வருஷத்து உயர்கல்விச் சட்டத்தின் 479ஏ பிரிவு. குடும்பத்தின் நிலை மாறியிருந்தால், ஒவ்வொருவர் விஷயமாகத் தனித்தனியே பார்த்து, அத்தாட்சியை வைத்துக்கொண்டு, கல்லூரியின் உதவித்தொகை அதிகாரி கணக்கைத் திருத்தலாம். இப்படி வரும் கோரிக்கைகளை ஒட்டுமொத்தமாக மறுப்பதைக் கொள்கையாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் சொல்கிறது. அதிகாரியின் முடிவே முடிவு. கல்வித் துறையிடம் மேல்முறையீடு கிடையாது. விமர்சகனாக என்னை நிறுத்திய இடம் இன்னொன்று. சூத்திரத்துக்குள் போகிற எண்களை அவர் மாற்றலாம், சூத்திரத்தைத் தொடக் கூடாது. யாப்பில் கை வைக்காமல் சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது போல. (நம் பழைய புதுக்கவிதைச் சண்டைகள் யாருக்காவது ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.)

"மாமா, நீங்க இங்கிலீஷ் லிட்ரேச்சர்தானே?" என்று கேட்டு அந்தப் பெண் வாட்ஸப்பில் இரண்டு நகல்களை அனுப்பினாள். பி.ஏ. ஆங்கிலம் முப்பது வயதுக்குமேல் இப்படித்தான் பயன்படுகிறது. ஒன்று அத்தான் எழுதியது, மற்றது அவள் எழுதியது.

அத்தானுடையது தஞ்சாவூர் ஜில்லா உயர்நிலைப் பள்ளியின் விடுப்பு விண்ணப்பம். பாஷை மட்டும் ஆங்கிலம். இத்தனை வருஷ அமெரிக்கா அதன் முதுகெலும்பை நிமிர்த்தவில்லை. மகளுடையது வேறு ஜாதி. அங்கே கல்லூரியில் சேரும்போதே பிள்ளைகள் தங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியாக வேண்டும். பதினேழு வயதில் தன் கஷ்டத்திலிருந்து அர்த்தம் பிழிந்து காட்டப் பழகிவிடுகிறார்கள். அப்பாவின் வேலை போனது குடும்பத்துக்கு மன உறுதியைக் கற்றுக்கொடுத்தது, சாப்பாட்டு மேஜையில் புதிய நெருக்கம் வந்தது என்றெல்லாம் எழுதியிருந்தாள். சரளமான எழுத்து. எனக்கு அத்தானுடையதே மேல் என்று பட்டது. அவர் குனிகிறார், இவள் துக்கத்துக்கு லாபக் கணக்கு காட்டுகிறாள். நம் கதைகளில் முக்கால்வாசி இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கின்றன என்று சொன்னால் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

இரண்டையும் வைத்துவிடச் சொன்னேன். வேலை முடிந்த தேதி, 2022இல் வந்தது, இப்போது வருவது, ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம். ஒரு வாரத்தில் திருப்பி எழுதி அனுப்பினாள். வேலை நீக்கக் கடிதம், கம்பெனி கொடுத்த கடைசித் தொகை, அரசாங்கத்தின் வேலையில்லாக் காலப் படி, அம்மாவின் அரைநேரச் சம்பளம், 2024 முழுவதற்கும் எதிர்பார்க்கும் வருமானம். பதினான்கு வரி, பெயரடை ஒன்றுகூட இல்லை. அந்தக் குடும்பத்திலிருந்து வந்த நல்ல உரைநடை அதுதான்.

சிக்கல் பதினைந்தாவது வரியில் வந்தது. வங்கி அறிக்கைகளை அடுக்கும்போது மாதாமாதம் முந்நூறு டாலர் இந்தியாவுக்குப் போவதைப் பார்த்திருக்கிறாள். அத்தைக்குப் போகிற பணம். வேலை போன பிறகும் ஒரு டாலர் குறையவில்லை. இதை ஏன் எழுதக் கூடாது என்று கேட்டாள். படிவத்தில் அத்தைக்கு இடம் கிடையாது. பெற்றோரும் பிள்ளைகளும் தவிர வேறு ஒருவரைக் குடும்பத்தில் சேர்க்க வேண்டுமானால், அவருடைய செலவில் பாதிக்கு மேல் இவர்கள் தர வேண்டும், அவர் இவர்களுடன் வசிக்கவும் வேண்டும். முதலாவது அத்தைக்குப் பொருந்தும். இரண்டாவதற்கு நடுவே ஒரு சமுத்திரம் இருக்கிறது. ஆனால் படிவம் கேட்காததைச் சொல்லத்தானே கடிதம் என்றாள் பெண். நியாயமான வாதம்.

அத்தான் ஒப்பவில்லை. "அம்மாவச் செலவுல எழுத மாட்டேன்" என்றார் போனில்.

முதலில் இதை நம் ஊர் கௌரவத்தின் மிச்சம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். யோசிக்க யோசிக்க அப்படித் தள்ளிவிட முடியவில்லை. செலவு என்று எழுதினால் அது குறைக்கக்கூடியவற்றின் பட்டியலில் வந்துவிடும். கார் தவணைக்கும் கேபிள் கட்டணத்துக்கும் நடுவில் ஒரு வரி. படிக்கிற அதிகாரி நல்லவராகவே இருந்தாலும், 'இதை நிறுத்த முடியாதா' என்று மனசுக்குள் ஒரு தரம் கேட்டுக்கொள்ளாமல் இருக்க முடியாது. அந்தக் கேள்வி எங்கும் பிறக்கக் கூடாது என்பதே அவருடைய கவலை. பெண்ணின் பக்கம் சட்டமும் இருந்தது, உண்மையும் இருந்தது. எனக்கு ஏனோ அவளுடன் சேர்ந்து வாதாட வாய் வரவில்லை.

அவள் விடாமல் இன்னொன்று கேட்டாள். பாட்டியின் கணக்கு என் கிளையில்தான் இருக்கிறது. பாஸ்புக்கின் பிரதி கிடைத்தால், பாட்டிக்கு வேறு வருமானம் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகும். கணக்கு விவரம் அத்தையின் சம்மதம் இல்லாமல் வெளியே போகக் கூடாது. சம்மதம் கேட்டால் எதற்கு என்பாள். வேலை போனதை அதுவரை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

கடிதம் பதினான்கு வரிகளோடு போயிற்று. ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது, மூன்று வாக்கியம். குடும்பம் தரக்கூடிய தொகை என்று அவர்கள் போட்டிருந்த எண் திருத்தப்பட்டது. கல்லூரியின் மானியம் ஓரளவு உயர்ந்தது. போதவில்லை. இரண்டாம் வருஷ மாணவிக்கு அரசாங்கக் கடன் வரம்பு 6,500 டாலர், அதையும் முழுசாக எடுத்துக்கொண்டாள். பதிலில் அனுதாபம் ஒரு சொல்கூட இல்லை. அதை அந்தக் கல்லூரிக்குச் சாதகமாகவே குறித்துக்கொண்டேன்.

அக்டோபரில் அத்தைக்கு வந்தது இருநூறு டாலர். பாஸ்புக்கில் பதியக் கொடுத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடைசி வரியைப் பார்த்தாள்.

"டாலர் ஏறிக்கிட்டே போவுதுன்னு டிவியில சொல்றான். நமக்கு மட்டும் எப்படிப்பா குறைஞ்சிது?"

அத்தானைக் கேளுங்கள் என்றேன். கேட்டாளோ என்னவோ. அடுத்த மாதம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தாள். இங்கேயிருந்து அங்கே பணம் அனுப்ப முடியுமா என்று கேட்டாள். முடியும், ஏ2 என்று ஒரு படிவம், பான் கார்டு வேண்டும், எங்கள் கிளையில் அந்த வேலை இல்லை, கும்பகோணத்துக்கு அனுப்ப வேண்டும் என்றேன். நாற்பதாயிரம் என்றாள். அவன் அனுப்பியதில் மிச்சம் பிடித்தது.

"எதுக்குன்னு எழுதணுமா?"

"எழுதணும் அத்தை." இருப்பவற்றைச் சொன்னேன். நெருங்கிய உறவினர் பராமரிப்பு, அன்பளிப்பு, படிப்பு, வைத்தியம்.

"பராமரிப்புன்னு போட்டா அவனுக்குத் தெரியுமா?"

தெரியாமலும் போகலாம் என்றேன்.

"எதுக்கு வம்பு. அன்பளிப்புன்னு போடு" என்று பான் கார்டைத் தேடிப் பையைத் துழாவ ஆரம்பித்தாள்.